தேங்காய் எண்ணெயின் அடர்த்தி காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று: அடர்த்திக் குப்பியை எவ்வளவு நம்பலாம்?

கொழிஞ்சாம்பாறை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இப்போது இளநிலை வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்ச் செக்குகளில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்களின் இயற்பியல் பண்புகளை ஒப்பிடுவது என் ஆய்வேட்டின் பொருள். 25 மி.லி. அடர்த்திக் குப்பியில் (குறிப்பிட்ட கொள்ளளவு திரவத்தை நிறுக்க உதவும் கண்ணாடிக் குப்பி) ஒரே மாதிரியை அளந்தபோது, காலையில் அறை வெப்பநிலை 27 பாகை செல்சியஸாக இருக்கையில் ஒரு மி.லி.க்கு 0.9162 கிராம் என்றும், பிற்பகலில் 34 பாகையில் 0.9113 கிராம் என்றும் விடை வந்தது. குப்பியின் கொள்ளளவை இரண்டு வேளையிலும் காய்ச்சி வடித்த நீரை நிறுத்து, அந்தந்த வெப்பநிலைக்குரிய நீரின் அடர்த்தியை அட்டவணையிலிருந்து எடுத்துத்தான் கணக்கிட்டேன்.

தேங்காய் எண்ணெய்க்கான இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 542 இல் 0.915 முதல் 0.920 வரை என்று போட்டிருக்கிறது. அப்படியானால் இந்த எண்ணெய் காலையில் தேறுகிறது, பிற்பகலில் தோற்கிறது. எண்ணெய் கொடுத்தவர் எங்களுக்குத் தெரிந்தவர். கலப்படம் என்று எழுதிவிட்டு நாளை அவர் முகத்தில் விழிக்க முடியாது. எந்த எண்ணை நான் எழுத வேண்டும்?

பழைய ஆய்வகர், பாலக்காடு:

அம்மா, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெப்பநிலையை எழுதுங்கள். வெப்பநிலை சொல்லாத அடர்த்திக்குப் பொருளே இல்லை. உங்கள் அளவீடுகள் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை என்பதைக் கீழே காட்டுகிறேன்.

தாவர எண்ணெய்கள் ஒவ்வொரு பாகை சூடேறும்போதும் ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ 0.0007 கிராம் அடர்த்தியை இழக்கின்றன. உங்கள் இரு அளவீடுகளுக்கும் இடையே 7 பாகை. 7 பெருக்கல் 0.0007 என்பது 0.0049. உங்கள் எண்களின் வேறுபாடும் அதே 0.0049 தான். காலை அளவீட்டை 30 பாகைக்குக் கொண்டுவந்தால் 0.9141, பிற்பகல் அளவீட்டை 30 பாகைக்குக் கொண்டுவந்தாலும் 0.9141. கை சுத்தமாக வேலை செய்திருக்கிறீர்கள்.

இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. ஐ.எஸ். 542 இல் உள்ள 0.915 முதல் 0.920 என்பது அடர்த்தி அன்று, ஒப்படர்த்தி. அதுவும் 30/30 பாகையில். அதாவது 30 பாகையிலுள்ள எண்ணெயின் நிறையை, அதே கொள்ளளவுள்ள 30 பாகை நீரின் நிறையால் வகுத்து வரும் விகிதம். அதற்கு அலகு கிடையாது. 30 பாகையில் நீரின் அடர்த்தி 1 அன்று, 0.99565. ஆகவே 0.9141 ஐ 0.99565 ஆல் வகுத்துப் பாருங்கள், 0.9181 வரும். உங்கள் செக்குக்காரரின் எண்ணெய் வரம்பின் நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

பள்ளியில் "நீரின் அடர்த்தி ஒன்று" என்று மனப்பாடம் செய்துவிடுகிறோம். 4 பாகைக்கு அருகே அது ஏறக்குறைய உண்மைதான். நம் பாலக்காட்டுக் கணவாயில் பங்குனி மாதப் பிற்பகலில் 4 பாகை நீருக்கு எங்கே போவது?

வேலந்தாவளம் செக்கு:

நான் செக்கு வைத்திருப்பவன். படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். இங்கே பேசுவது எனக்கு நேரடியாகப் பட்ட விஷயம் என்பதால் எழுதுகிறேன். மொத்தமாக எண்ணெய் எடுக்க வந்த ஒருவர், கண்ணாடி மிதவை ஒன்றை எண்ணெயில் போட்டுப் பார்த்துவிட்டு, அளவு குறைகிறது, லைட் எண்ணெய் கலந்திருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். அன்று உச்சி வெயில். எண்ணெய் டின் முற்றத்தில்தான் இருந்தது. இப்போது ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் காரணம் விளங்குகிறது. அந்த மிதவையை நம்பலாமா, அதையாவது சொல்லுங்கள்.

கஞ்சிக்கோட்டுத் தரக்கட்டுப்பாடு:

அண்ணா, அந்தக் கருவிக்கு ஹைட்ரோமீட்டர் என்று பெயர். தமிழில் திரவமானி என்பார்கள். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை இடம்பெயர்க்கும் என்ற ஆர்க்கிமிடீஸ் விதியைத் தவிர அதற்குள் வேறு எதுவும் இல்லை. அடர்த்தி குறைந்தால் ஆழமாக அமிழும், கூடினால் மேலே எழும். கருவியில் குறையில்லை, அதன் தண்டின் மேல் அச்சடித்திருக்கும் வெப்பநிலையைப் பார்க்காமல் பயன்படுத்துவதுதான் குறை. 15 பாகைக்கு அளவிட்டவையும் உண்டு, 20 பாகைக்கு அளவிட்டவையும் உண்டு. நம் நாட்டில் ஆய்வகக் கண்ணாடிக் கருவிகளுக்கு 27 பாகையை அடிப்படையாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. வெயிலில் 42 பாகைக்குச் சூடான எண்ணெயில் 27 பாகைக்குரிய மிதவையைப் போட்டால், 15 பாகை வேறுபாட்டுக்கு 0.0105 குறைத்துக் காட்டும். தூய எண்ணெய் அந்தக் கணக்கில் கலப்பட எண்ணெயாகத்தான் தெரியும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு எடுத்துக்காட்டையும் சொல்லிவிடுகிறேன். சித்தூர்ப் பக்கத்துத் தென்னங்கள்ளில் இதே மிதவையை நேரடியாகப் போட்டு, அதில் எவ்வளவு எத்தனால் என்று சொல்ல முடியாது. எத்தனால் அடர்த்தியைக் குறைக்கிறது, புளிக்காமல் மீந்திருக்கும் சர்க்கரை கூட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். அதனால்தான் ஆய்வகத்தில் கள்ளை முதலில் காய்ச்சி வடித்து, வடிநீரைப் பழைய கொள்ளளவுக்கு நீர் சேர்த்து நிரப்பி, அதன் அடர்த்தியைக் குப்பியில் பார்க்கிறார்கள். கன அளவில் நூற்றுக்கு ஒரு பங்கு எத்தனாலுக்கு அடர்த்தி சுமார் 0.0014 குறையும், ஆகவே நான்காவது தசம இடம் வரை சரியாக இருந்தால்தான் அந்த விடை பயன்படும்.

மாணவிக்குச் செய்முறை பற்றிச் சில சொற்கள். குப்பியில் எண்ணெயை விளிம்பு வரை நிரப்பி, நுண்துளையுள்ள மூடியைச் செருகும்போது மிகுதியான எண்ணெய் துளை வழியாக வெளியேறி மூடியின் மேல் நிற்கும். அதைத் துடைக்கும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நீர்த்தொட்டியில் குப்பி முழுமையாக 30 பாகைக்கு வந்து, துளையில் எண்ணெய் ஏறுவதும் இறங்குவதும் நின்ற பிறகு, தொட்டியில் இருக்கும்போதே மேல்பரப்பைத் துடைத்துவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகு குளிர்ந்து துளைக்குள் எண்ணெய் இறங்கினாலும் கவலையில்லை, நிறை மாறாது. ஆனால் உள்ளங்கையால் குப்பியைப் பொத்திப் பிடித்தால் உடற்சூட்டில் எண்ணெய் விரிந்து துளை வழியே வெளியேறும், அப்போது நிறை குறையும். கழுத்தை மட்டும், அதுவும் மெல்லிய தாளால் பிடியுங்கள்.

குப்பியின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு துளி நீர் என்ன செய்யும் என்று கணக்கிட்டால் மலைப்பாக இருக்கும். ஒரு துளி சுமார் 0.05 கிராம், 25 மி.லி. குப்பியில் அது அடர்த்தியை 0.002 கூட்டிக் காட்டும். மூன்று பாகை வெப்பநிலைப் பிழைக்குச் சமம். நீர்த்தொட்டியிலிருந்து எடுத்ததும் மூடிக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில்தான் அந்தத் துளி ஒளிந்திருக்கும்.

கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் தராசு அறையின் சன்னலைச் சாத்திவிட்டு நிறுங்கள். தராசின் கண்ணாடிக் கதவு மூடியிருந்தாலும், கீழே மேசை அதிர்ந்தால் கடைசி இலக்கம் நிற்காமல் ஓடும். மார்கழிக் காலையில் இன்னொரு சிக்கல் உண்டு: தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். பாதி உறைந்த எண்ணெயில் எடுத்த அடர்த்தி எந்த அட்டவணைக்கும் பொருந்தாது. முழுவதும் உருக்கி, கலக்கி, குமிழிகள் அடங்கிய பிறகே நிரப்புங்கள்.

எண்ணியல் விரும்பி, கோவை:

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அதிரும் யு வடிவக் குழாய் அடர்த்திமானிகள் 1960களின் இறுதியிலேயே சந்தைக்கு வந்துவிட்டன. ஒன்றிரண்டு மி.லி. திரவத்தை ஊசிக் குழலால் செலுத்தினால் போதும். கருவியே வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, நான்கு அல்லது ஐந்து தசம இடத்துக்கு விடையைத் திரையில் காட்டிவிடும். கல்லூரிகள் இன்னும் குப்பியைக் கட்டிக்கொண்டு அழுவது பழக்கத்தினால்தான் என்பது என் கருத்து.

பழைய ஆய்வகர், பாலக்காடு:

கருவியின் பெருமையை மறுக்கவில்லை, தம்பி. ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடிக் குழாய்க்குள் திரவத்தை நிரப்பி அதிர வைக்கிறோம். உள்ளே இருப்பதன் நிறை கூடினால் அதிர்வு மெதுவாகிறது, அலைவு நேரம் நீள்கிறது. அலைவு நேரத்தின் இருமடிக்கும் அடர்த்திக்கும் நேர்கோட்டுத் தொடர்பு. அந்தக் கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் வேண்டும்; அவற்றைக் காற்றையும் காற்று நீக்கிய தூய நீரையும் கொண்டு அமைக்கிறார்கள். குழாயில் முந்தைய மாதிரியின் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தால் அந்தக் கோடே சாய்ந்துவிடும். திரையோ எப்போதும்போல ஐந்து இலக்கங்களைத் தயங்காமல் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு சிறு குமிழி உள்ளே இருந்தாலும் அப்படித்தான். எண்ணெய் போன்ற பிசுக்கான திரவங்களில் கருவி அடர்த்தியைச் சற்றுக் கூட்டிக் காட்டும் இயல்புடையது. புதிய கருவிகள் அதைத் தாமே திருத்திக்கொள்கின்றன, பழையவை செய்வதில்லை.

குப்பியில் பிழை நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். மாணவர்களுக்கு முதலில் அதுதான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நாளொன்றுக்கு நூறு மாதிரி பார்க்கும் ஆலை என்றால், நீங்கள் சொல்லும் கருவியைத்தான் நானும் வாங்கச் சொல்வேன்.

நகரி வேதியியல் ஆசிரியர்:

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். இந்த விவாதத்தில் எல்லோரும் அடர்த்தியை எப்படி அளப்பது என்று பேசிவிட்டீர்கள். அடர்த்தி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இன்னும் தொடவில்லை. மாணவியின் கேள்வி கலப்படம் பற்றியது அல்லவா?

ஒரு திரவத்தின் அடர்த்தியை மட்டும் வைத்து அதன் செறிவைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பல இடங்களில் உடையும். அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அடர்த்தி ஏறி, சுமார் 78 விழுக்காட்டில் 1.07 என்ற உச்சியைத் தொட்டு, பிறகு இறங்கி, தூய அமிலத்தில் 1.049 ஆகிவிடும். ஆகவே 1.06 என்ற அடர்த்திக்கு இரண்டு செறிவுகள் பொருந்தும். கந்தக அமிலமும் அதையே செய்கிறது. 20 பாகையில் 98 விழுக்காட்டு அமிலம் 1.836, நூறு விழுக்காட்டு அமிலம் 1.830. மின்கலத்துக்கு 1.28 வரை நீர்த்த அமிலத்தைத் திரவமானியால் பார்ப்பது நம்பகமானது, ஏனெனில் அந்தப் பகுதியில் கோடு ஒரே திசையில் ஏறுகிறது.

தேங்காய் எண்ணெயில் பாமாயில் கலப்பதற்கு வருவோம். 30 பாகையில் தூய தேங்காய் எண்ணெய் 0.914 என்றால் பாமோலின் (பாமாயிலின் திரவப் பகுதி) சுமார் 0.904. பத்து விழுக்காடு கலந்தாலும் கலவையின் அடர்த்தி 0.001 மட்டுமே குறையும். தரக் குறிப்பு அனுமதிக்கும் வரம்பின் அகலமே 0.005, கலப்படம் அந்த வரம்புக்குள்ளேயே சுகமாக ஒளிந்துகொள்ளும். இதையே அயோடின் மதிப்பால் பார்த்தால் கதை வேறு. தேங்காய் எண்ணெய்க்கு அது 7.5 முதல் 10 வரைதான் இருக்க வேண்டும். பாமோலினுக்கு 56க்கு மேல். எட்டு உள்ள எண்ணெயில் பத்து விழுக்காடு பாமோலின் சேர்ந்தால் மதிப்பு ஏறக்குறைய 13க்குப் போய்விடும். வரம்பைத் தாண்டியதை மறைக்க முடியாது. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களே மிகுதி, இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. அயோடின் அந்த இரட்டைப் பிணைப்புகளைத்தான் எண்ணுகிறது.

செக்குக்கார ஐயாவிடம் சொன்ன அந்த "லைட் எண்ணெய்" என்பது திரவப் பாரஃபினாக (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய்) இருந்தால் மட்டும் அடர்த்திக்குக் கொஞ்சம் வலு உண்டு. அதன் அடர்த்தி 0.83 முதல் 0.89 வரை வகைக்கேற்ப மாறும். பாரஃபினில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் அயோடின் மதிப்பு கூடாது, குறையும்; அது சோப்பாகவும் ஆகாது என்பதால் சோப்பாக்கல் மதிப்பு (ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்கத் தேவைப்படும் காரத்தின் மில்லிகிராம் அளவு) தரக் குறிப்பு கேட்கும் 250க்குக் கீழே இறங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

எண்ணியல் விரும்பி, கோவை:

அப்படியானால் அடர்த்தியை அளப்பதே வீண் வேலை என்கிறீர்களா?

நகரி வேதியியல் ஆசிரியர்:

இல்லை. அளவீட்டின் நுட்பம் ஒரு படி உயர்ந்தால், அடர்த்தி சொல்லும் செய்தியும் உயர்கிறது. இதற்கு வேதியியல் வரலாற்றில் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலேயைவிடச் சிறந்த சான்று கிடையாது. காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கிப் பெற்ற நைட்ரஜன் ஒரு லிட்டருக்கு 1.257 கிராம் என்றும், சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜன் 1.2505 கிராம் என்றும் அவருக்கு விடை வந்தது. ஆயிரத்தில் ஐந்து பங்குதான் வேறுபாடு. வேறு ஒருவராக இருந்தால் சராசரி எடுத்து எழுதிவிட்டுப் போயிருப்பார். அவர் தம் தராசை நம்பினார். தம் பிழை அவ்வளவு பெரிதாக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேதியியலாளர் ராம்சேவும் அவரும் சேர்ந்து தேடியதில், காற்று நைட்ரஜனோடு கலந்திருந்த ஆர்கான் என்ற கனமான வாயு 1894இல் வெளிவந்தது. 1904இல் ஒருவருக்கு இயற்பியலிலும் மற்றவருக்கு வேதியியலிலும் நோபல் பரிசு.

இதே இழையில் ஒரு சிறு உதவியும் கேட்டுக்கொள்கிறேன். என் மாணவர்கள் மயில்துத்தப் (தாமிர சல்பேட்) படிகத்தின் அடர்த்தியை அளவுசாடியில் நீர் ஊற்றிப் பார்க்க முயல்கிறார்கள், படிகம் கரைந்துவிடுகிறது. அடர்த்திக் குப்பியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் செய்யலாமா?

கஞ்சிக்கோட்டுத் தரக்கட்டுப்பாடு:

செய்யலாம், ஐயா. குப்பியில் உலர்ந்த படிகங்களை இட்டு நிறுத்துவிட்டு, மண்ணெண்ணெய் நிரப்பி மீண்டும் நிறுங்கள். படிகங்கள் இல்லாமல் மண்ணெண்ணெய் மட்டும் நிரப்பிய நிறையையும் தெரிந்துகொண்டால், படிகங்கள் எவ்வளவு மண்ணெண்ணெயை வெளியேற்றின என்பது கிடைத்துவிடும். 5 கிராம் மயில்துத்தத்தின் கன அளவு சுமார் 2.19 மி.லி.; மண்ணெண்ணெயின் அடர்த்தி 0.80 என்றால் 1.75 கிராம் வெளியேறும். கணக்கைத் திருப்பிப் போட்டால் படிகத்தின் அடர்த்தி 2.28 என்று வர வேண்டும். மண்ணெண்ணெயின் அடர்த்தியைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள்; அது ஒரே பொருளன்று, பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும். அதே குப்பியில் முதலில் அதை அளந்துகொள்ளுங்கள். படிகங்களை மிகவும் பொடிக்க வேண்டாம்; பொடியின் இடுக்குகளில் காற்று சிக்கிக்கொண்டால் அடர்த்தி குறைவாக வரும், அதை வெளியேற்ற வெற்றிடம் ஏற்படுத்தும் பம்பு வேண்டியிருக்கும்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:

எல்லோருக்கும் நன்றி. துறையிலிருந்து நீர்த்தொட்டியைக் கேட்டு வாங்கி 30 பாகையில் மீண்டும் அளந்தேன். குப்பி கொண்ட நீர் 24.8500 கிராம், எண்ணெய் 22.8122 கிராம். விகிதம் 0.9180, அதை 0.99565 ஆல் பெருக்கினால் அடர்த்தி 0.9140. ஆனால் பழைய ஆய்வகர் ஐயா என் பழைய எண்களிலிருந்து 0.9141 என்று கொண்டுவந்தார். கடைசி இலக்கத்தில் உள்ள அந்த ஒன்று எங்கிருந்து வருகிறது? பொருட்படுத்தலாமா, விட்டுவிடலாமா?

பழைய ஆய்வகர், பாலக்காடு:

நல்ல கேள்வி. உங்கள் முந்தைய இரு எண்களும் நான்காவது இலக்கத்தில் முழுமையாக்கப்பட்டவை. நான் போட்ட 0.0007 என்பதும் தோராயம். எனவே அங்கே கிடைத்த 0.9141 ஐ வைத்து உங்கள் புதிய எண்ணைக் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும், உங்கள் புதிய எண்ணில் உண்மையாகவே ஒரு சிறு திருத்தம் விடுபட்டிருக்கிறது: காற்றின் மிதப்பு விசை.

குப்பியைத் தராசில் வைக்கும்போது அது காற்றுக் கடலுக்குள்தான் நிற்கிறது. ஒரு மி.லி. காற்று சுமார் 0.0012 கிராம், 25 மி.லி. திரவம் 0.03 கிராம் காற்றை இடம்பெயர்த்து, அவ்வளவு இலேசாகத் தோன்றுகிறது. நான்கு தசம இலக்கத் தராசுக்கு 0.03 கிராம் என்பது பூதாகரமான அளவு. நல்லவேளையாக, நீருக்கும் எண்ணெய்க்கும் இந்தக் குறைவு ஏறத்தாழ ஒரே அளவில் ஏற்படுவதால் விகிதம் எடுக்கும்போது பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. மீந்து நிற்கும் திருத்தம், ஒன்றிலிருந்து விகிதத்தைக் கழித்து வரும் எண்ணால் காற்றின் அடர்த்தியைப் பெருக்கிய அளவு: 0.0012 பெருக்கல் 0.082, அதாவது 0.0001. அதைக் கூட்டினால் 0.9141.

விகிதம் ஒன்றை நெருங்க நெருங்க இந்தத் திருத்தம் தேய்ந்து மறையும்; பாதரசம் போன்ற திரவத்தில் விகிதம் 13ஐத் தாண்டுவதால் திருத்தம் எதிர்த்திசையில் 0.015 வரை போகும். உங்கள் எண்ணெய்க்கு, திருத்தம் செய்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு 0.9141 என்று கொடுங்கள். ஐந்தாவது இலக்கத்தை எழுத வேண்டாம். உங்கள் நீர்த்தொட்டி பாகையில் பத்தில் ஒரு பங்கு முன்பின் ஆடினாலே 0.00007 மாறிவிடும், அதற்கு அப்பால் உள்ள இலக்கம் தராசு சொல்வது, எண்ணெய் சொல்வது அன்று.

வேலந்தாவளம் செக்கு:

அந்த வியாபாரி மறுபடி வந்தால் டின்னை நிழலில் வைத்து, வெப்பமானியையும் மிதவையோடு சேர்த்துப் போடச் சொல்கிறேன். மாணவி தங்கச்சி, அயோடின் சோதனைக்கு எண்ணெய் எவ்வளவு வேண்டும் என்று சொன்னால் இந்த வாரக் கொப்பரையை ஆட்டியதும் எடுத்து வைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:

கால் லிட்டர் தாராளமாகப் போதும், அண்ணா. ஒளி படாத பாட்டிலில், வாய் வரை நிரப்பித் தந்தால் நல்லது.

கஞ்சிக்கோட்டுத் தரக்கட்டுப்பாடு:

கடைசியாக ஒன்று. குப்பியைப் பெட்ரோலிய ஈதரால் கழுவி, பிறகு அசிட்டோன் விட்டு, காற்றில் உலர்த்துங்கள். சூட்டடுப்பில் வைத்தால் கொள்ளளவு மெல்ல மாறும். ஆய்வகத்தில் ஒரே மாதிரி குப்பிகள் பல இருந்தால், மூடிகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மூடியும் அதனதன் கழுத்துக்கு என்றே தேய்த்து எடுக்கப்பட்டது, இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும்.